நாற்பதாவது சலவைக்கூடம்

மார்ச் 4, செவ்வாய்

மூன்றாம் நம்பர் உலர்த்தி மறுபடி படுத்துவிட்டது. நூற்றெண்பது விரிப்புகள் ஈரத்தோடு குவிந்து கிடக்க, அறுவைப் பிரிவிலிருந்து போன் மேல் போன். நானும் நெட்டையும் மத்தியானம் வரை நின்ற இடத்தில் நின்று மடித்தோம். நெட்டை பதினெட்டு வருடமாக என் மடிப்பு ஜோடி. விரிப்பின் அந்த முனை அவள், இந்த முனை நான். அவள் உயரத்துக்குக் கையைத் தூக்கித் தூக்கியே என் தோள்பட்டை போய்விட்டது.

அது கிடக்கட்டும். எழுத உட்கார்ந்ததே வேறு விஷயத்துக்கு. சங்கச் செயலாளருக்கு என்று, அதாவது எனக்கு, ஒரு கடிதம் வந்திருக்கிறது. பதினோரு நாடுகளின் ஆஸ்பத்திரிச் சலவைத் தொழிலாளர்கள் சேர்ந்த கூட்டமைப்பிலிருந்து. வழக்கமாக அவர்கள் அனுப்புவது வாழ்த்து அட்டை. அதை நான் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு மறந்துவிடுவேன். இது அப்படி இல்லை. மூன்று முறை படித்தேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு உறுப்பினரும் மாதம் ஒரு மணி நேரக் கூலியைப் பொது நிதிக்குக் கொடுப்பது. பிரசவ ஓய்வு, நோய்ப்படி, முதுமைக்கு ஓய்வூதியம் என்று எதுவுமே இல்லாத நாடுகளில் நம் வேலையையே செய்கிறவர்களுக்கு அது போகும். நாம் ஒரு பங்கு போட்டால், வசதியான நாடுகளின் அரசுகள் சேர்ந்து இரண்டு பங்கு போடும். மூன்று வருடத்தில் அந்தந்த நாட்டு அரசே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும், கையெழுத்தும் ஆகிவிட்டதாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: மார்ச் 28 மாலை ஐந்து மணிக்குள் நாற்பது சலவைக்கூடங்கள் சேர வேண்டும். முப்பத்தொன்பதோடு நின்றால் எதுவும் இல்லை. இதுவரை முப்பத்தாறு.

நாங்கள் ஏன் முப்பத்தேழாக இருக்கக் கூடாது? இந்தக் கேள்வி வந்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை.

மார்ச் 5, புதன்

வீட்டில் சொன்னேன். கணவர் பஸ் ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "உனக்கு உற்சாகம் வந்தா அடுப்புல இருக்கறது கருகும்" என்றார். போய்ப் பார்த்தேன். கருகித்தான் இருந்தது.

மகள் மட்டும் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். இருபத்திரண்டு வயது. எதையும் கடைசி வரியிலிருந்து படிக்கிற பெண். "இதுல நமக்கு என்ன வரும்னு ஒரு வரி கூட இல்லையேம்மா?"

இல்லைதான். முதல் மூன்று வருடம் நமக்கு ஒன்றும் வராது. இதைச் சொல்லி எங்கள் சங்கத்து நாற்பத்தாறு பேரிடம் எப்படிக் கை நீட்டுவது? வந்தவர்களில் அல்ல, மொத்தப் பேரில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது முப்பத்தொரு ஓட்டு வேண்டும். விரல் விட்டு எண்ணினேன். நிச்சயம் என்று சொல்லக்கூடியது பதினாலு.

மார்ச் 7, வெள்ளி

இஸ்திரி அண்ணனிடம் பேசினேன். பேசினேன் என்பதை விட வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்று எழுதலாம்.

முப்பது வருடமாக உருளை இஸ்திரியில் நிற்கிறவர். சங்கத்தின் பொருளாளர். விதிப்புத்தகம் எப்போதும் சட்டைப் பையில். அவர் சரி என்றால் ஆண்களில் பாதிப் பேர் சரி என்பார்கள். அவர் சரி என்று சொல்லவில்லை.

"தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும். உனக்கு மிஞ்சியிருக்கா?"

"இது தானம் இல்லண்ணே."

"அப்ப கடனா? திருப்பித் தருவாங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உருளைக்குள் அடுத்த விரிப்பைச் செருகிவிட்டார். பஸ்ஸில் வரும்போது அருமையான பதில்கள் ஏழெட்டு தோன்றின. எனக்கு எப்போதும் சண்டை முடிந்த பிறகுதான் நாக்கு முளைக்கும்.

மார்ச் 10, திங்கள்

முப்பத்தேழு ஆகிவிட்டது என்று கூட்டமைப்பின் இணைப்பாளர் போன் செய்தாள். சின்ன வயதுக் குரல். ஐந்து மொழி தெரியுமாம். நம் மொழியில் என்னை வாய் நிறைய அக்கா என்கிறாள். வியாழக்கிழமை மதிய இடைவேளையில் நிதி போகப்போகிற நாட்டுச் சலவைக்கூடம் ஒன்றோடு வீடியோவில் பேச ஏற்பாடு செய்கிறாளாம். "பாத்துட்டா பாதி வேலை முடிஞ்சதுக்கா" என்றாள்.

மார்ச் 13, வியாழன்

என்ன நாள் இது. வரிசையாக எழுதாவிட்டால் குழம்பிப்போகும்.

சாப்பாட்டு அறையில் மகளின் லேப்டாப்பை வைத்தோம். பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்தேன். முப்பது பேருக்கு மேல் வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். திரை தெளிந்ததும் எல்லோரும் ஒரே குரலில் "ஏய்" என்றார்கள். அதே இயந்திரங்கள். அதே பச்சைப் பெயின்ட். வண்டிகளில் எங்கள் ஒப்பந்தக் கம்பெனியின் அதே முத்திரை. "நம்ம கூடத்தையே கண்ணாடியில காட்டுறாங்களா?" என்றாள் நெட்டை.

முதலில் இரண்டு பக்கமும் வெட்கம். இணைப்பாளர் எவ்வளவு தூண்டியும் ஒருவரும் பேசவில்லை. பிறகு நெட்டைதான் கேட்டாள்: "அழுக்குத் துணிப் பையில உங்களுக்கு என்னென்ன கிடைக்கும்?" அது மொழிபெயர்க்கப்பட்டதும் அந்தப் பக்கம் வெடித்துச் சிரித்தது. பல்செட்டாம். சாவியாம். டாக்டர் ஒருவரின் கோட்டுப் பையில் யாருக்கோ எழுதிய காதல் கடிதமாம். காயவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். நாங்கள் எங்கள் பங்குக்கு நாலு பல்செட், ஒரு கண்ணாடிக் கண் என்று கணக்குச் சொன்னோம். பிறகு யாரையும் தூண்ட வேண்டியிருக்கவில்லை.

மடிப்பு மேசையில் ஒரு பெண் நின்றிருந்தாள். ஏழு மாத வயிறு. மேசையில் இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் திரும்பி நின்று மடித்தாள். என்னால் அவள் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எப்போது லீவு என்று கேட்டேன்.

"வலி வந்ததும்."

"திரும்பி எப்ப வருவ?"

"மூத்ததுக்கு ஒன்பதாம் நாள் வந்தேன். வரலைன்னா இடம் போயிடும்." சாதாரணமாகச் சொன்னாள். அப்படித்தான் இணைப்பாளரும் மொழிபெயர்த்தாள்.

நான் என்ன சொன்னேன்? யோசித்துச் சொல்லியிருக்கக் கூடாதா? "இந்தத் தடவை அப்படி இருக்காது. உனக்கு முழுசா பதினாலு வாரம் கிடைக்கும்."

இணைப்பாளர் என்னிடமே திரும்பிக் கேட்டாள். "அக்கா, இதை அப்படியே சொல்லவா?"

"சொல்லுங்க."

சொன்னாள். அந்தப் பெண் கையிலிருந்த தலையணை உறையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மார்ச் 14, வெள்ளி

வாக்குக் கொடுத்துவிட்டேன். யார் வீட்டுச் சொத்தை யார் எழுதிக் கொடுப்பது? நாற்பத்தாறு பேர் ஓட்டும் என் முந்தானையிலா முடிந்திருக்கிறது?

அவள் நின்ற விதம்தான். பக்கவாட்டில். நானும் அப்படித்தான் நின்றேன், இதே கூடத்தில். அப்போது இங்கேயும் சட்டம் வரவில்லை. மகள் பிறந்து பதினோராம் நாள் வேலைக்கு வந்துட்டேன். மாமியார் பிள்ளையைப் பார்த்துக்கிட்டாங்க. பத்து மணிக்கெல்லாம் மார்பு கல்லாயிடும். கழிவறையில போய்ப் பாலைப் பீச்சி விட்டுட்டு வந்து மடிப்பேன். அப்படியும் விரிப்புல பட்டுடும், அதை மறுபடி அழுக்குப் பக்கம் போடணும். ஒரு நாள் சூப்பர்வைசர் கேட்டார், ஏன் உன் கையில மட்டும் இவ்வளவு மறுசலவைன்னு. நெட்டை வேலைக்கு வராத காலம் அது. யாருகிட்டயும் சொல்லல. இதுவரைக்கும் இந்த நோட்டுல கூட எழுதினதில்லை.

நாளைக்கே போய் இதையே எல்லோரிடமும் சொல்லலாம். ஆனால் அழுது வாங்குகிற ஓட்டு எனக்கு வேண்டாம்.

மார்ச் 17, திங்கள்

இஸ்திரி அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய பதில் இன்று கிடைத்துவிட்டது. கொடுத்தவர் மேனேஜர், அவருக்கே தெரியாமல்.

மாதாந்தரக் கூட்டத்தில் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் கேட்டோம். "மத்த நாட்டுல எல்லாம் நம்ம கம்பெனில லீவே கிடையாது, ஸ்டூல் கேக்கறீங்க. இங்க ஆகற செலவுல பாதி கூட அங்க ஆகறதில்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் நேரே இஸ்திரி அண்ணனிடம் போனேன். "கேட்டீங்களா? அங்க இல்லாததைக் காட்டித்தான் இங்க குடுக்க மாட்டேங்கறாங்க. அங்க கொஞ்சம் மேல வந்தா நம்ம தலைக்கு மேல இருக்கற கத்தி ஒண்ணு குறையும். இது தானமும் இல்ல, கடனும் இல்ல. நம்ம வேலிக்கு நாம வைக்கற முள்ளு."

சரியான நேரத்தில் சரியான பேச்சு, அதுவும் என் வாயிலிருந்து. அவர் உருளையை நிறுத்தினார். அவர் உருளையை நிறுத்தி நான் பார்த்ததில்லை. "யோசிக்க வேண்டிய விஷயம்தான்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஓட்டினார்.

மார்ச் 19, புதன்

இருபத்தாறு பேர் நிச்சயம். முப்பத்தெட்டாவது சலவைக்கூடம் சேர்ந்துவிட்டது. சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, ஆனால் களைப்பும் இல்லை. நெட்டை சொல்கிறாள், நான் விரிப்பை உதறுகிற வேகத்தில் அவள் பறந்துவிடுவாளாம்.

மார்ச் 20, வியாழன்

இஸ்திரி அண்ணன் யோசித்துவிட்டார். மாட்டேன் என்றார்.

கோபப்படவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். "என் சம்சாரத்துக்கு ஆபரேஷன் ஆனப்போ சங்கம் விதிப்படி என்ன குடுத்துச்சோ அதை வாங்கிக்கிட்டேன். மேல ஒரு காசு கேக்கல. வண்டிய வித்தேன். அப்ப எந்த நாட்டுக்காரன் எனக்கு ஒரு மணி நேரம் உழைச்சான்?"

ஒருத்தரும் இல்லை அண்ணே. அதுதான் தப்பு என்று நான் சொல்கிறேன். அதுதான் நியாயம் என்று அவர் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே காயத்தைத்தான் தொட்டுக்கொண்டிருந்தோம். தேநீர் ஆறிப்போய்விட்டது.

மார்ச் 24, திங்கள்

முப்பத்தொன்பது.

இணைப்பாளர் சொன்னாள், பட்டியலில் இனி ஓட்டெடுப்பு பாக்கி இருப்பது எங்கள் கூடம் ஒன்றுதான். இன்னொரு கூடம் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுவிட்டதாம். ஆக, நாற்பதாவது நாங்கள். இல்லையென்றால் நாற்பதே இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

ரகசிய ஓட்டு. மூன்று ஷிப்டும் போட வேண்டும் என்பதால் காலையிலிருந்து மறுநாள் காலை வரை. சங்கத்துக்கு ஓட்டுப்பெட்டி கிடையாது. புதுத் துணிப்பை ஒன்றின் வாயைச் சுருக்கி, சாப்பாட்டு அறையில் மாட்டிவிட்டேன். ஆம் என்றோ இல்லை என்றோ எழுதி மடித்துப் போட வேண்டியது. மேல்மாடிக் கண்ணாடி அறையிலிருந்து சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தாலும் யார் என்ன எழுதினார்கள் என்று தெரியாது. அதுதான் பலருக்குத் தைரியம்.

நான் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு யோசனை. பையை யாராவது பிரித்துப் பார்த்துவிட்டால்? இரவு ஷிப்ட்காரர்களிடம் சொன்னேன்: கடைசி ஆள் போட்டதும் வாயைச் சிவப்பு நாடாவால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். தொற்றுநோய் வார்டிலிருந்து வரும் துணிக்குத்தான் சிவப்பு நாடா. சிவப்பு நாடாவைக் கண்டால் எங்கள் கூடத்தில் ஒரு பிள்ளை தொடாது, பிரிக்காது. இதை விடப் பூட்டு ஏது? என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 26, புதன்

துவைச்சுட்டாங்க.

ஓட்டை. துவைச்சுட்டாங்க. நாப்பத்தாறு பேர் ஓட்டு, சோடா காரம் போட்டு, கொதிக்கற தண்ணியில, ஐம்பது நிமிஷம்.

சிவப்பு நாடா கட்டிய பையைப் பிரிக்கக் கூடாது, சரி. பிறகு என்ன செய்ய வேண்டும்? பிரிக்காமல் அப்படியே இயந்திரத்துக்குள் போட வேண்டும். சூட்டில் நாடா தானாக அவிழும். இருபது வருடமாக நான் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுக்கும் விதி. அதை மறந்தது நான் ஒருத்திதான். போட்டது யார்? நெட்டை. இரவு ஷிப்ட் கட்டி இறக்கித் தரையில் வைத்ததை ஓட்டுப்பை என்று தெரியாமல், காலையில் எனக்கு முன்னால் வந்து, சாப்பாட்டு அறையில் இதை எவன் வைத்தான் என்று திட்டிக்கொண்டே கையுறை மாட்டி, பொறுப்பாகக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியுமா? விதிப்படி செய்தாள். உட்கார்ந்து அழுகிறாள்.

கூடவே முப்பது அறுவை அங்கிகளும் போயிருக்கின்றன. எல்லாவற்றிலும் காகிதக் கூழ். இஸ்திரி அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். "எல்லா அங்கிலயும் ஜனநாயகம் ஒட்டியிருக்கு" என்றார். நான் அழ வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டேன். நெட்டையும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். மூன்று பேரும் ஒரு மணி நேரம் அந்த அங்கிகளை உதறினோம்.

வீட்டில் மகள்: "ஊர்ல ஓட்டைத் திருடுவாங்க, கள்ள ஓட்டுப் போடுவாங்க. துவைச்ச ஆளு நீ ஒருத்திதாம்மா." கணவர் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். தோள் குலுங்கியது தெரிந்தது.

சிரிக்கட்டும். ஆனால் நாளை மறுநாள் ஐந்து மணி. அந்தக் கர்ப்பிணிப் பெண்ணிடம் நான் என்ன சொல்வேன்? ஜெயித்திருந்தோமா, தோற்றிருந்தோமா, அது கூடத் தெரியாமல் கூழாகிவிட்டதே.

மார்ச் 27, வியாழன்

இதை இன்றே எழுதிவிட வேண்டும்.

மறுபடி ரகசிய ஓட்டு எடுக்க மூன்று ஷிப்டுக்கும் நேரம் இல்லை. வழி சொன்னவர் இஸ்திரி அண்ணன். விதிப்புத்தகத்தை எடுத்து விரல் வைத்துக் காட்டினார்: அவசரம் என்றால் பொதுக்குழுவைக் கூட்டிக் கை தூக்கச் சொல்லி எண்ணலாம். "எனக்கு இஷ்டம் இல்லாத விஷயம்தான். ஆனா ஓட்டெடுப்பு நடக்காம போனதால தோத்துதுன்னு இருக்கக் கூடாது. தோத்தா ஒழுங்காத் தோக்கணும்."

பகல் இரண்டு மணி, ஷிப்ட் மாறும் நேரம். இரவு ஷிப்ட்காரர்களும் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தார்கள். நாற்பத்து நாலு பேர். சுத்தப் பக்கத்தில், மடிப்பு மேசைகளுக்கு நடுவில் கூட்டம். மேலே கண்ணாடி அறையில் சூப்பர்வைசர், பக்கத்தில் மேனேஜர், இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு. காகிதத்தில் ஆம் என்று எழுதுவது வேறு. அந்தக் கண்ணாடிக்குக் கீழே கையைத் தூக்குவது வேறு. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியவர்கள் பத்துப் பேர்.

பேச்சு ஒன்று தயார் செய்து வைத்திருந்தேன். நாலு பக்கம். எடுத்துப் பார்த்தால் நாலு பக்கமும் பொய்யாகத் தெரிந்தது. மடித்து வைத்துவிட்டேன்.

"அந்தப் பொண்ணுக்கு நான் அவசரப்பட்டு வாக்குக் குடுத்துட்டேன். அது என் தப்பு. அதுக்காக யாரும் கை தூக்க வேணாம். முதல் மூணு வருஷம் நமக்கு ஒண்ணும் வராது, அதையும் ஞாபகம் வச்சுக்குங்க. மாசம் ஒரு மணி நேரம். நம்ம வேலைதான் அவங்க வேலை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

முதல் கை நெட்டையுடையது. அவள் கை தூக்கினால் விளக்கைத் தொடும். பிறகு அங்கொன்று இங்கொன்று. பிறகு ஒரு நிமிடம் எதுவும் இல்லை. அழுக்குப் பக்கத்து வாசலில் நின்ற நாலு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சேர்ந்து தூக்கினார்கள். ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியவர்கள் அந்த நாலு பேரும். அதற்குப் பிறகு மளமளவென்று.

ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பென்சில், நான் வரிசை வரிசையாக எண்ணினேன். முப்பது. மறுபடி எண்ணினேன். முப்பதுதான். மூன்றாம் முறையும் எண்ணினேன், ஏதாவது ஒரு கையைத் தவறவிட்டிருக்க மாட்டேனா என்று. முப்பது.

ஒன்று. ஒரே ஒன்று. பென்சிலைக் கீழே வைக்கப் போனேன்.

"நிறுத்து." இஸ்திரி அண்ணன். அவர் கை கீழேதான் இருந்தது. பொருளாளர் என்ற முறையில் அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். "செயலாளருக்கு ஓட்டு உண்டா இல்லையா?"

"உண்டு."

"நீ எந்தப் பக்கம்?"

"என்னண்ணே கேள்வி இது?"

"எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனா தூக்காத கைய நான் எண்ண மாட்டேன். தூக்கு."

நான் தூக்கினேன், பென்சிலோடு. எல்லோரையும் எண்ணிவிட்டுத் தன்னை எண்ண மறந்த மடையர்கள் கதையை மகளுக்கு எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பேன்.

"முப்பத்தொண்ணு" என்றார் அவர். கூடம் முழுக்கக் கேட்கும்படி, கண்ணாடி அறையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நான் எதிர்ப்பு. அதையும் எழுதிக்கோ."

எழுதினேன். பிறகு என்ன நடந்தது என்று ஒழுங்காக நினைவில்லை. நெட்டை என்னைத் தூக்கிவிட்டாள், நிஜமாகவே, தரையிலிருந்து. யாரோ சுத்தமான தலையணை உறைகளை வாரி மேலே வீசினார்கள். எல்லாவற்றையும் மறுபடி மடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 28, வெள்ளி

காலை பத்து மணிக்கே அனுப்பிவிட்டேன். செயலாளர், பொருளாளர் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். அவர் தன் கையெழுத்தை மூன்று தடவை சரிபார்த்தார். பதினொன்றே காலுக்குப் பதில் வந்தது: நாற்பது.

ஏப்ரல் 3, வியாழன்

அழுக்குப் பக்கத்து நாலு பேரில் ஒருத்திக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. காரணம் எழுதவில்லை. அவளைப் பார்க்கவே கூசியது. "நீங்க ஏன் அக்கா தலையக் குனியறீங்க, தூக்கினது என் கை" என்றாள். இஸ்திரி அண்ணன் விதிப்புத்தகத்தோடு மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறார். நானும் போகிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். மற்ற முப்பத்தொன்பது கூடங்களிலிருந்தும் கம்பெனிக்கு ஒரே நாளில் கடிதம் போயிருக்கிறது. நாங்கள் கேட்கக் கூட இல்லை. இணைப்பாளரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன், அவ்வளவுதான். இஸ்திரி அண்ணன் அந்தக் கடிதங்களின் நகலை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்குத் தெரியாத எழுத்துகள், தெரியாத ஊர்கள். வெகுநேரம் பார்த்தார்.

ஏப்ரல் 30, புதன்

சம்பளச் சீட்டில் முதல் பிடித்தம். ஒரு மணி நேரம். இதை எந்த மணி நேரம் என்று வைத்துக்கொள்வது என்று நானும் நெட்டையும் பேசிக்கொண்டோம். காலை பத்திலிருந்து பதினொன்று என்று வைத்திருக்கிறேன். ஏன் என்று அவளிடம் சொன்னேன், கல்லாகிப்போன மார்பு, மறுசலவை எல்லாவற்றையும். விரிப்பின் அந்த முனையைப் பிடித்தபடியே கேட்டாள்.

மே 22, வியாழன்

அந்த மடிப்பு மேசைப் பெண்ணுக்குப் பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். இணைப்பாளர் போனிலேயே கத்தினாள், நானும் கத்தினேன். நான்காம் நம்பர் இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கூடம் முழுக்கக் கேட்டதாம்.

ஜூன் 17, செவ்வாய்

மதிய இடைவேளையில் அந்தப் பெண் வீடியோவில் அழைத்தாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் இணைப்பாளர், நடுவில் நான், என் தோளுக்கு மேல் நெட்டை. அவளை முதல் முறையாக நிமிர்ந்து நேராகப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வேலை நாள், நடுப்பகல், அவள் வீட்டில் இருந்தாள்.

இருபத்தாறு நாள் ஆகிறதாம். இன்னும் எழுபத்திரண்டு நாள் இருக்கிறதாம். தினமும் காலையில் எழுந்ததும் பதறுகிறாளாம், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று. பிறகுதான் ஞாபகம் வருகிறதாம். பிள்ளைத் துணி யார் துவைக்கிறார்கள் என்று இஸ்திரி அண்ணன் பின்னாலிருந்து கேட்கச் சொன்னார். புருஷனாம். "சோப்பு அதிகம் போடறான், சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்" என்றாளாம். எல்லோரும் சிரித்துவிட்டு அவரவர் சாப்பாட்டுக்குப் போனார்கள்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. மகள் அந்த வயதில் இருந்தபோது நான் பகலில் வீட்டில் இருந்ததில்லை. கேட்கலாமா என்று தயங்கி, பிறகு கேட்டுவிட்டேன். "இருபத்தாறு நாள் பிள்ளை பகல்ல என்ன பண்ணும்?" அதை மொழிபெயர்ப்பதற்குள் இணைப்பாளரின் லைன் அறுந்துவிட்டது. அந்தத் தாயும் நானும் மட்டும் திரையில். எங்களுக்குப் பொதுவாக ஒரு வார்த்தை கூடக் கிடையாது. அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிப் பிள்ளையின் பக்கம் சாய்த்து வைத்துவிட்டாள்.

தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தைச் சுளித்தது. கண்ணைத் திறந்து எதையோ பார்த்தது. ஒரு கையை மட்டும் தூக்கி, தானே பயந்து இறக்கியது. கொட்டாவி விட்டது. மறுபடி தூங்கியது. இதெல்லாம்தான் செய்யும் போலிருக்கிறது.

மணி அடித்தது. நெட்டை விரிப்பின் அந்த முனையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ரெண்டு நிமிஷம் என்றேன்.